எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம்? இயற்பியல் வினாத்தாள் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

முதலாமாண்டு இயற்பியலுக்கு வினாத்தாள் எழுதுகிற, விடைக்குறிப்பு தயாரிக்கிற, விடைத்தாள் திருத்துகிற ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருத்திதான். கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் 19 வருடமாக முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு மெக்கானிக்ஸ் நடத்துகிறேன். வருடா வருடம் விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு வந்து, உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டு கட்டுக்கட்டாகத் திருத்துகிறவள். ஆகவே இதை வெளியாள் சொல்லும் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன முறை ஒரு கட்டில் அடுத்தடுத்து இருந்த இரண்டு விடைத்தாள்களைப் பற்றித்தான் எழுத வந்தேன். கேள்வி சாதாரணமானது. தண்ணீரோடு சேர்த்து 10 கிலோ நிறையுள்ள வாளி, கிணற்றிலிருந்து 2 மீட்டர்/நொடி² முடுக்கத்தோடு மேலே இழுக்கப்படுகிறது. கயிற்றின் இழுவிசை என்ன? இதற்கு 3 மதிப்பெண். அதே வாளி சீரான வேகத்தில் கீழே இறக்கப்பட்டால் இழுவிசை என்ன? இதற்கு 2.

முதல் தாளை எழுதிய பிள்ளை ஒரு சின்ன வாளி வரைந்திருந்தது. கிணறு இல்லை, ராட்டினம் இல்லை, இழுக்கிற ஆள் இல்லை. வாளி மட்டும். மேலே ஒரு நீளமான அம்பு, கீழே அதைவிடக் கொஞ்சம் குட்டையான அம்பு. ஓரத்தில் ‘கீழ்த்திசையை நேர்க்குறியாகக் கொள்கிறேன்’ என்று ஒரு வரி. அப்புறம் வாளியின் எடை 10 × 9.8 = 98 நியூட்டன் என்று வைத்து ஒரு சமன்பாடு: 98 கழித்தல் இழுவிசை = 10 × (−2). அதுவரை அப்பழுக்கில்லை. கடைசி வரியில் 98-ஐயும் 20-ஐயும் கூட்டும்போது 108 என்று எழுதிவிட்டது. இரண்டாம் பகுதிக்கு ஒரே வரிதான்: ‘வேகம் மாறவில்லை, முடுக்கம் பூச்சியம், ஆகவே 98 நியூட்டன்.’

அடுத்த தாளில் படம் இல்லை. ‘டி ஈக்குவல் டு எம் இன்டு ஜி பிளஸ் ஏ’ என்ற சூத்திரம், பிரதியிடல், 118 நியூட்டன். விடை சரி. இரண்டாம் பகுதிக்கு, கீழே இறங்குவதால் பிளஸ்ஸை மைனஸாக்கி, முதல் பகுதியில் இருந்த அதே 2-ஐப் போட்டு, 78 நியூட்டன் என்று எழுதியிருந்தது. ‘சீரான வேகம்’ என்ற இரண்டு சொற்களை அந்தப் பிள்ளை பார்க்கவே இல்லை.

விடைக்குறிப்பு என்ன சொன்னது? முதல் பகுதிக்கு சூத்திரம் 1, பிரதியிடல் 1, அலகோடு விடை 1. படத்துக்கு ஒன்றுமில்லை. முதல் தாளில் அந்தச் சூத்திரம் இல்லை, அதில் பிரதியிடலும் இல்லை, விடையும் தப்பு. தயங்கி, மேற்பார்வையாளரிடம் கேட்டேன். “கீ-ல இருக்கிற மாதிரியே போட்டுடுங்க மேடம், அப்புறம் ரீவேல்யூவேஷன்ல பிரச்சினை வரும்” என்றார். இயற்பியல் தெரிந்த பிள்ளைக்கு 2, தெரியாத பிள்ளைக்கு 3. நானே அப்படிப் போட்டேன், நானே கையெழுத்தும் போட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

நியூட்டனின் இரண்டாம் விதியை நாம் எல்லோரும் ஒரு சூத்திரமாகத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்து வைத்திருக்கிறோம். எஃப் ஈக்குவல் டு எம்ஏ, அதாவது விசை = நிறை × முடுக்கம். மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது கிடைக்கும். ஓம் விதியும் அவர்களுக்கு அப்படித்தான், வட்டிக் கணக்கும் அப்படித்தான். ஆனால் இந்த விதியை ஒரு கணக்கில் போட்டுப் பார்க்க வேண்டுமானால், எந்த எண்ணையும் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: நாம் எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம்? அந்தப் பொருளைத் தனியே பிரித்து வரைந்து, வெளியிலிருந்து அதன்மேல் எவையெவை விசை செலுத்துகின்றன என்று அம்பு போட்டு, எந்தப் பக்கம் பிளஸ் என்று முடிவு செய்த பிறகுதான் கூட்டலும் கழித்தலும். ஃப்ரீ பாடி டயகிராம் என்று வகுப்பில் சொல்கிறோமே, அதுதான். இங்கே விசைப்படம் என்று எழுதிக்கொள்கிறேன். அந்தப் படத்தில்தான் இயற்பியல் முழுக்க இருக்கிறது. அதற்குக் கீழே வருவது எல்லாம் பள்ளிக்கூடத்துக் கணக்கு.

இது எவ்வளவு கடினம் என்பது நமக்கு மறந்துவிட்டது. என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒரு கணக்கு போடுவேன். வழுவழுப்பான மேசைமேல் 2 கிலோ பெட்டி ஒன்று, அதை ஒட்டி 3 கிலோ பெட்டி ஒன்று. 2 கிலோ பெட்டியை 10 நியூட்டன் விசையால் தள்ளுகிறேன். 3 கிலோ பெட்டியின்மேல் எவ்வளவு விசை? முக்கால்வாசி வகுப்பு 10 என்று சொல்லும். நான் தள்ளுகிற விசை முதல் பெட்டியைக் கடந்து இரண்டாவதுக்குப் போய்ச் சேர்கிறது என்பது அவர்கள் மனதில் இருக்கிற படம், குழாயில் தண்ணீர் போகிற மாதிரி. தப்பு என்று சொன்னால் நோட்டில் திருத்திக்கொள்வார்கள், மனதில் திருத்திக்கொள்ள மாட்டார்கள். ஆகவே நான் சொல்வதில்லை. “சரி, 10 என்றே வைத்துக்கொள்வோம். இப்போது முதல் பெட்டியை மட்டும் வரையுங்கள்” என்பேன். கை ஒரு பக்கம் 10 தள்ளுகிறது. மூன்றாம் விதிப்படி இரண்டாவது பெட்டி அதைத் திருப்பி 10 தள்ளுகிறது. நிகர விசை பூச்சியம். அப்படியானால் முதல் பெட்டி நகரவே கூடாது, இரண்டாவது மட்டும் ஓட வேண்டும். வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், “மேம், அப்ப கை பெட்டிய விட்டுப் பிரிஞ்சிடுமா?” அந்த ஒரு குரலுக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு பெட்டியையும் ஒன்றாக வரைந்து முடுக்கம் 2 என்றும், இரண்டாவதைத் தனியாக வரைந்து அதன்மேல் விசை 6 என்றும் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். முதல் பெட்டியை வரைந்தால் 10 கழித்தல் 6, அதாவது 4. நிறை 2, முடுக்கம் 2. கணக்கு சரியாக விழும்.

மேலே எறிந்த பந்தும் இப்படித்தான். உச்சியில் பந்தின் முடுக்கம் என்ன என்று கேட்டால் பூச்சியம் என்று வரும். “ஒரு நொடி நிக்குதே மேம்.” வேகமும் பூச்சியம், முடுக்கமும் பூச்சியம் என்றால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டல்லவா இருக்க வேண்டும்? மேலே போய்க்கொண்டிருக்கும் பந்துக்கு விசைப்படம் வரையச் சொன்னால், கை கொடுத்த விசை என்று மேல்நோக்கி ஒரு அம்பு கட்டாயம் இருக்கும். கையை விட்டுப் பந்து எப்போதோ போய்விட்டது. இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1982-இல் ஜான் கிளெமென்ட், பொறியியல் மாணவர்களிடம் சுண்டிவிட்ட நாணயத்தைக் காட்டி இதே கேள்வியைக் கேட்டார். அங்கேயும் பெரும்பாலோர் அதே அம்பைத்தான் வரைந்தார்கள், மெக்கானிக்ஸ் படித்து முடித்தவர்கள் உட்பட.

1985-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹல்லூனும் ஹெஸ்டனஸும் செய்த ஆய்வு இன்னும் சங்கடமானது. நுண்கணிதம் சார்ந்த முதலாண்டு இயற்பியலை நான்கு பேராசிரியர்கள் நடத்தினார்கள். ஒவ்வொருவர் பாணியும் வேறு. பிள்ளைகளின் அடிப்படைப் புரிதலில் ஏற்பட்ட முன்னேற்றம் மட்டும் நான்கு பேரிடமும் ஏறக்குறைய ஒன்றேதான், அதுவும் சொற்பம். நன்றாக நடத்துகிறேன் என்று எனக்கிருந்த பெருமை இதைப் படித்த அன்றைக்குக் கொஞ்சம் இறங்கியது. 1998-இல் ரிச்சர்ட் ஹேக் 62 வகுப்புகள், 6,542 மாணவர்கள் என்று திரட்டிப் பார்த்தார். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில், பிள்ளைகள் முன்னேற இடமிருந்ததில் சராசரியாக 23 விழுக்காடுதான் முன்னேறியிருந்தார்கள். பிள்ளைகளை யோசிக்கவும், வரையவும், பக்கத்திலிருப்பவரோடு வாதாடவும் வைத்த வகுப்புகளில் அது 48.

சரி, வகுப்பில் வரைய வைப்பது எங்கள் பொறுப்பு, வினாத்தாள் எழுதுபவர் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். செமஸ்டர் தொடங்கிய மூன்றாவது வாரமே பிள்ளைகள் பழைய வினாத்தாள் கட்டோடு வருகிறார்கள். “மேம், படத்துக்கு மார்க் உண்டா?” இல்லை என்பது அவர்களுக்கே தெரியும். மார்க் இல்லாத ஒன்றை, ஃபீஸ் கட்டவே கஷ்டப்படுகிற வீட்டிலிருந்து வந்து எப்படியாவது பாஸாக வேண்டும் என்று ஓடுகிற பிள்ளை எதற்காகப் பழகும்? என் ஒரு மணி நேரப் பேச்சை உங்கள் விடைக்குறிப்பின் ஒரு வரி அடித்துவிடுகிறது.

சூத்திரப் பழக்கம் எங்கெல்லாம் காலை வாருகிறது என்று சொல்லிக்கொண்டே போகலாம். ‘என் ஈக்குவல் டு எம்ஜி’ என்று ஒன்று இருக்கிறது. மேசை தரும் செங்குத்து விசை எப்போதும் எடைக்குச் சமம் என்று பிள்ளைகள் சத்தியமே செய்வார்கள். ரயில்வே பிளாட்பாரத்தில் 20 கிலோ டிராலிப் பெட்டியை, கைப்பிடி தரையோடு 37 டிகிரி சாய்ந்திருக்க, 50 நியூட்டனில் இழுக்கிறோம். தரை தாங்குவது 196 அல்ல, 166 நியூட்டன்தான். அதே சாய்வில் பின்னாலிருந்து தள்ளினால் 226. கரடுமுரடான தரையில் பெட்டியை இழுப்பது தள்ளுவதைவிட ஏன் சுலபம் என்று போர்ட்டருக்குத் தெரியும். சூத்திரம் மட்டும் படித்தவருக்குத் தெரியாது. சாய்தளத்தில் இன்னொரு வேடிக்கை. எடை, செங்குத்து விசை, உராய்வு எல்லாம் போட்ட பிறகு ‘எம்ஏ’ என்று நான்காவதாக ஒரு அம்பு முளைக்கும். நிறையும் முடுக்கமும் சேர்ந்த பெருக்கலை ஒரு விசையாகவே நினைத்துவிடுகிறார்கள். சமக்குறியின் இந்தப் பக்கம் இருப்பவை உலகம் அந்தப் பொருளுக்குச் செய்வது, அந்தப் பக்கம் இருப்பது அந்தப் பொருள் அதற்குக் காட்டும் பதில். இந்த வித்தியாசத்தைக் கேட்கிற ஒரு கேள்வியையாவது கடந்த சில வருட வினாத்தாள்களில் தேடினேன். கிடைக்கவில்லை.

இப்போது நுண்கணிதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இது முதலாமாண்டு. பிளஸ் டூ கணக்கில் வகைக்கெழுச் சமன்பாடு போட்டுவிட்டு வருகிறார்கள். ‘டிஒய் பை டிஎக்ஸ்’ என்றால் கை தானாக ஓடுகிறது. இயற்பியல் வகுப்பில் ‘டிவி பை டிடி’ என்றால் தொலைக்காட்சியைப் பற்றிப் பேசுவதுபோல் பார்க்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து அறைகளில் நடக்கிற இரண்டு பாடங்களுக்கு நடுவே கதவு இல்லை. நம் வினாத்தாளும் அந்தக் கதவைத் திறப்பதில்லை. கணக்கு எதுவாக இருந்தாலும் விசை மாறாது, முடுக்கம் மாறாது, ‘வி ஈக்குவல் டு யு பிளஸ் ஏடி’ போதும்.

ஒரு படகை எடுத்துக்கொள்வோம். ஆளோடு சேர்த்து 400 கிலோ. நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் கரையை நோக்கி வருகிறது. இன்ஜினை அணைக்கிறார்கள். தண்ணீரின் தடை வேகத்துக்கு நேர்விகிதம், நொடிக்கு 1 மீட்டர் வேகத்துக்கு 80 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். (நிஜப் படகில் தடை வேகத்தின் இருமடிக்கு நெருக்கமாக இருக்கும், தெரியும். முதலாமாண்டுக்கு இது போதும்.) அணைத்த அந்தக் கணத்தில் தடை 480 நியூட்டன், வேகம் குறையும் வீதம் 1.2 மீட்டர்/நொடி². சூத்திரக்காரர் இதைப் பிடித்துக்கொண்டு, 5 நொடியில் படகு நிற்கும், 15 மீட்டர் போயிருக்கும் என்று எழுதிவிடுவார். ஆனால் வேகம் குறையக் குறைய தடையும் குறைகிறதே. இரண்டாம் விதியை ஒவ்வொரு கணத்துக்கும் எழுத வேண்டும். முடுக்கத்தை ‘வி டிவி பை டிஎக்ஸ்’ என்று மாற்றி எழுதினால் இரண்டு பக்கமும் வேகம் அடிபட்டு, மிக எளிமையான ஒன்று மிஞ்சும்: ஒவ்வொரு மீட்டருக்கும் வேகம் 0.2 குறைகிறது. அவ்வளவுதான். 15-ஆவது மீட்டரில் படகின் வேகம் இன்னும் நொடிக்கு 3 மீட்டர். நின்றுவிட்டது என்று சூத்திரம் சொல்கிற அதே இடத்தில் பாதி வேகம் பாக்கி இருக்கிறது. அங்கே ஒரு துறைமேடை இருந்தால் என்ன ஆகும் என்று வகுப்பில் கேட்டேன். மீன்பிடிக் கிராமத்திலிருந்து வருகிற ஒரு பையன் சிரித்துவிட்டு, “அதான் மேம் முப்பது மீட்டருக்கு முன்னாடியே ஆஃப் பண்ணுவாங்க” என்றான். சமன்பாடு கொடுக்கிற விடையும் 30 மீட்டர்தான். நான் எண்களை அப்படி அமைத்திருந்தேன் என்பது வேறு விஷயம். ஆனால் தன் அப்பா செய்கிற ஒரு காரியத்தின் மேல் நியூட்டன் வந்து உட்கார்ந்ததை அவன் அன்றைக்குப் பார்த்தான்.

இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள சிலபஸில் இடமில்லை என்பதுதான் வழக்கமான பதில். அதற்கு ஒரு பழைய கதை. நியூட்டன் தன் ‘பிரின்சிப்பியா’ நூலை வெளியிட்டது 1687-இல். அதில் இரண்டாம் விதி, இயக்கத்தில் ஏற்படும் மாற்றம் செலுத்தப்பட்ட விசைக்கு நேர்விகிதம் என்று வாக்கியமாகத்தான் இருக்கிறது. நிரூபணங்கள் பெரும்பாலும் வடிவியல். எந்தப் பொருளின் எந்தத் துணுக்கை எடுத்தாலும், மூன்று அச்சுகளிலும் விசையை முடுக்கத்தோடு சமப்படுத்தி எழுதலாம், மெக்கானிக்ஸ் முழுவதற்கும் இதுவே அடிப்படை என்று கணித மேதை ஆய்லர் பெர்லின் அகாடமியில் முன்வைத்தது 1750-இல். இடையில் 63 வருடம். அந்தக் காலத்தின் பெரிய மூளைகளுக்கே அவ்வளவு காலம் பிடித்ததை நாம் 50 நிமிட பீரியட் இரண்டில் முடித்துவிட்டு, “போன வாரமே நடத்திட்டேனே” என்கிறோம்.

ஆகவே கேட்பது இதுதான். சிலபஸை மாற்ற வேண்டாம், அதற்கு வருடக்கணக்கில் கூட்டம் போடுவார்கள். விடைக்குறிப்பை மாற்றுங்கள். 5 மதிப்பெண் கணக்கு என்றால் விசைப்படத்துக்கு 2, திசையைச் சொல்லி எழுதிய சமன்பாட்டுக்கு 2, அலகோடு கூடிய விடைக்கு 1. எந்தப் பக்கத்தை பிளஸ் என்று எடுத்தாலும் ஏற்றுக்கொள்ளப்படும் என்று குறிப்பில் அச்சடித்துவிடுங்கள், திருத்துகிறவர் பயப்படாமல் மார்க் போடட்டும். ‘இரண்டாம் விதியைக் கூறி நிரூபி’ என்ற கேள்வியைத் தயவுசெய்து ஓய்வெடுக்க அனுப்புங்கள். நிரூபிப்பதற்கு அது தேற்றமும் இல்லை. விசை மாறுகிற கணக்கு தாளுக்கு ஒன்றாவது இருக்கட்டும். எண்ணே இல்லாத கேள்வியும் ஒன்று வேண்டும், படம் மட்டும் வரைந்து எது பெரிய அம்பு என்று சொல்கிற மாதிரி.

திருத்த நேரமாகும் என்பீர்கள். ஆகத்தான் செய்யும். நான் வீட்டில் சொந்த வகுப்பின் உள்மதிப்பீட்டுத் தாள்களை இப்படித் திருத்திப் பார்த்தேன். ஆரம்பத்தில் தாமதமானது உண்மை. பத்துப் பதினைந்து தாள் போன பிறகு கண் பழகிவிடுகிறது, தப்பான படம் தூரத்திலிருந்தே தெரிகிறது. ஒரு பக்கம் சமன்பாட்டைத் துருவுவதைவிட ஒரு படத்தைப் பார்ப்பது வேகம். மாணவர் எந்த இடத்தில் தடுக்கி விழுந்தார் என்பதும் எனக்கு உடனே தெரிந்துவிடுகிறது. அடுத்த வகுப்பில் எதைப் பேச வேண்டும் என்று அந்தத் தாள்களே சொல்லிவிட்டன. படத்தை மனப்பாடம் செய்துவிடுவார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். செய்வார்கள்தான். பெட்டியைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள், அல்லது ஒரு கயிற்றைக் கூட்டுங்கள், மனப்பாடம் அங்கேயே நின்றுவிடும்.

வரும் செமஸ்டருக்கு நீங்கள் எடுத்துக்கொள்ள ஒரு கேள்வியை இத்தோடு வைக்கிறேன். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், என் பெயர் வேண்டாம்.

‘ஒருவர் லிஃப்டுக்குள் எடை பார்க்கும் கருவியின்மேல் நிற்கிறார். அவர் நிறை 60 கிலோ. லிஃப்ட் பத்தாவது மாடியிலிருந்து இறங்கி வந்து, தரைத்தளத்தை நெருங்கும்போது 1.2 மீட்டர்/நொடி² வீதம் வேகத்தைக் குறைக்கிறது. அந்த நேரத்தில் (அ) அவரை மட்டும் தனியே வரைந்து விசைகளைக் குறிக்கவும். எந்த அம்பு நீளம்? (ஆ) எந்தத் திசையை நேர்க்குறியாகக் கொண்டீர்கள் என்று சொல்லி இரண்டாம் விதியை எழுதவும். (இ) கருவி அவர்மேல் செலுத்தும் விசை எவ்வளவு?’

விடை 660 நியூட்டன். இறங்குகிற லிஃப்டில் எடை குறையும் என்று மனப்பாடம் செய்தவர்கள் 516 என்று எழுதுவார்கள். அப்படி எழுதியவர் முந்தைய வரியில் படத்தை மட்டும் சரியாக வரைந்திருந்தால் அதற்கு 2 போடுங்கள். 660 என்று சரியாக எழுதி, படமே வரையாதவருக்கு எவ்வளவு போடலாம் என்பதை முகாமில் உட்கார்ந்து பேசுவோம். டீ நான் வாங்கித் தருகிறேன், சூடாக.

இப்படிக்கு,
உங்களோடு திருத்துகிற ஓர் இயற்பியல் ஆசிரியை